இருபத்துநான்கு கறுப்புக் குதிரைவீரர்கள்

நோரிஸ் ஓல்டர்ஷாவின் படை நாற்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூட முழுசாக நின்றதில்லை.

ஆள் பற்றாக்குறை கிடையாது. காலாட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், பீரங்கி நான்கு, குதிரைவீரர் இருபத்துநான்கு. எல்லோரும் வெள்ளீயத்தில் வார்த்த, கட்டைவிரலின் பாதி உயரம் உள்ள சிப்பாய்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய பிரன்ஸ்விக் என்ற ஜெர்மன் சிற்றரசின் படை. தந்தை போரில் செத்த துக்கத்துக்காக அந்தச் சிற்றரசன் தன் ஆட்களுக்கெல்லாம் தலை முதல் கால்வரை கறுப்பு அணிவித்தான் என்பார்கள். நோரிஸ் 1983-இல் அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. கறுப்பு ஒரே நிறம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

கறுப்பைப்போலக் கஷ்டமான நிறம் இல்லை. வெறும் கறுப்பைப் பூசினால் சிப்பாய் தார்க்கட்டிபோல நிற்பான். சட்டை எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சாம்பலில் துளி நீலம் கலந்து, துணி மடிப்பின் மேட்டில் மட்டும் மயிர்க்கோடாக இழுக்க வேண்டும். அந்தக் கோடு கைவர அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. கைவந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. கடைசியாகத் தீட்டிய பட்டாளத்துக்குப் பக்கத்தில் முதலில் தீட்டியதை நிறுத்திப் பார்த்தார். முதலாவது அசிங்கமாக இருந்தது. எடுத்து டெட்டால் ஜாடியில் போட்டார். ஒரு நாள் ஊறினால் பெயின்ட் தோலாக உரிந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வெறும் உலோகம். மறுபடியும் முதலிலிருந்து.

அது முடிவதற்குள் கை இன்னும் தேறிவிடும். இரண்டாவது பட்டாளம் அசிங்கமாகிவிடும்.

இங்கிலாந்தின் ஹக்னல் ஊரில் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளித்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள். "அவருக்குத்தான். தலையில" என்பாள் மனைவி மார்லீன்.

எதையும் இருந்தபடி விட்டுவைக்க முடியாத மனிதர் அவர். காலுறை ஆலையில் பின்னல் இயந்திர மெக்கானிக்காக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்துவிட்டார் என்று இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆலை மூடியபின் லிஃப்ட் பழுதுபார்த்தார். வேன் ஓட்டினார். பள்ளிக்கூடக் காப்பாளராக இருந்தபோது அங்கிருந்த எல்லாக் கதவுகளின் கீல்களையும் மாற்றினார், யாரும் கேட்காமலே. சாப்பிடுவது நின்றுகொண்டே. சோபாவில் உட்கார்ந்தால் வலது முழங்கால் தானாகத் துள்ளும்; கையில் இருக்கிற கோப்பையில் தேநீர் ஆடும். மகள் ரோவெனாவின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் வாரமே அதன் கியரை மேம்படுத்துகிறேன் என்று பிரித்தார். ரோவெனா சைக்கிள் பழகியது பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிளில்.

மேசையில் விளக்கடியில் பிரஷ்ஷைப் பிடித்திருக்கும்போது மட்டும் முழங்கால் அடங்கியிருக்கும். மார்லீன் அதற்காகவே டெட்டால் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில், பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடுகிறவர்களின் சங்கம் கூடும். பதினைந்து இருபது ஆண்கள், இரண்டு பெண்கள், மடக்கு மேசைகள், பச்சைத் துணி, பகடைகள், அளவுநாடா. பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை பெரும்போர். எல்லா மேசைகளையும் சேர்த்துப் போட்டு, எல்லோர் படைகளையும் இறக்கி, காலையிலிருந்து மாலைவரை. சங்கத்தில் சட்டம் ஒன்றுதான். பெயின்ட் அடிக்காத சிப்பாயும், மண்ணும் புல்லும் ஒட்டிய அடிப்பலகை இல்லாத சிப்பாயும் மேசையேறக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் நோரிஸின் படையில் ஒரு ஓட்டை இருக்கும். உரித்துப் போட்ட பட்டாளம் எதுவோ அதன் இடம். கடந்த பதினோரு வருடங்களாக அந்த ஓட்டை குதிரைப்படை. எதிர்ப்பக்கம் பிரெஞ்சுப் படையோடு நிற்பவர் டெஸ்மண்ட் வீட்கிராஃப்ட், ஓய்வுபெற்ற தபால்காரர், நோரிஸின் பள்ளித் தோழர். அவரும் ஒவ்வொரு வருடமும் தவறாமல் கேட்பார்.

"எங்கடா உன் குதிரையெல்லாம்? புல்லு மேய அனுப்பிட்டியா?"

"வருது, வருது."

"நான் செத்ததுக்கப்புறமா?"

"நீ செத்தா சவப்பெட்டிய அதுங்கதாண்டா இழுக்கும். பேசாம பகடையப் போடு."

ஜனவரி பத்தாம் தேதி மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. மாற்ற வேண்டும். பிப்ரவரி 27, திங்கட்கிழமை, காலை ஏழரைக்கு வரவும். மூச்சுவாங்கல் ஆறு மாதமாகவே இருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று சுவர்க் காகிதத்தை ஆராய்வதுபோல நடிப்பார்.

கடிதத்தைப் படித்துவிட்டு நோரிஸ் காலண்டரைப் பார்த்தார். சனிக்கிழமை 25 பெரும்போர்.

"இந்தத் தடவை முழுப்படையும் நிக்கணும்" என்றார். "ஒரு தடவை. அவ்வளவுதான்."

"நிக்கட்டும்" என்றாள் மார்லீன். "ஜாடி என்கிட்ட இருக்கட்டும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும், நோரிஸ்."

அவள் டெட்டாலை எங்கேயோ ஒளித்து வைத்தாள். சங்கத்தில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவர் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொன்னால் நாற்காலி போடுவார்கள், தேநீர் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள், வேண்டுமென்றே தோற்றுப்போவார்கள். அந்தக் கடைசி ஒன்றை மட்டும் அவரால் தாங்க முடியாது.

ஆறு வாரம். இருபத்துநான்கு ஆள், இருபத்துநான்கு குதிரை. ஒவ்வொன்றையும் பாட்டில் மூடியில் பசைபோட்டு நிறுத்தி, மூடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பித் தீட்டினார். குதிரைகளுக்கு நான்கு விதப் பழுப்பு. வீரர்களுக்கு அந்தக் கறுப்பு. தொப்பியில் வெள்ளி மண்டையோடு, ஊசிமுனை அளவு; அதில் இரண்டு கண்குழி. முன்பெல்லாம் ஒரு மண்டையோட்டை ஏழெட்டு தடவை அழித்து வைப்பார். இந்தமுறை ஒரு தடவை வைத்து அடுத்ததற்குப் போனார். போகிறபோது திரும்பிப் பார்த்தார். மார்லீன் சமையலறையிலிருந்து, "பாக்காதே" என்றாள். எப்படித்தான் தெரியுமோ.

பிப்ரவரி 21, செவ்வாய் மதியம், கடைசி மண்டையோடு முடிந்தது. பாக்கி இரண்டு வேலை: வார்னிஷ், அடிப்பலகை.

வார்னிஷ் அடிக்காமல் கொண்டுபோக முடியாது. போரில் ஒவ்வொரு சிப்பாயையும் நூறு தடவை தொட்டு நகர்த்துவார்கள். பன்றிக்கறிப் பேஸ்ட்ரி தின்ற எண்ணெய் விரல்கள். மாலைக்குள் மூக்குத் தேய்ந்துவிடும். அதற்கு மங்கல் வார்னிஷ் என்று ஸ்ப்ரே டப்பாவில் வரும். அடித்தால் மினுமினுப்பு இல்லாமல், துணி துணியாகவே இருக்கும். ஆனால் ஈரக்காற்றில் அடிக்கக் கூடாது. சங்கத்து அலமாரிக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: மழைநாளில் வார்னிஷ் அடிக்கிறவன் முட்டாள். அது நோரிஸின் கையெழுத்து.

செவ்வாய் மழை. புதன் மழை. நோரிஸ் பின்கதவுக்கும் முன்கதவுக்கும் நடந்தார். வானொலியில் ஒரு வானிலை, தொலைக்காட்சியில் ஒரு வானிலை, பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் சொல்லும் வானிலை. கையை வெளியே நீட்டிப் பார்த்தார். நீட்டிய கையை முகர்ந்தார். வியாழன் காலை பத்தரைக்கு மழை நின்றது. வேலிக்கு மேலே ஒரு விரற்கடை வெயில் தெரிந்தது. மார்லீன் கடைக்குப் போயிருந்தாள். நோரிஸ் இருபத்துநான்கையும் ஒரு பலகையில் வரிசையாக வைத்து, கொல்லைக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார். வழியில் ஒருமுறை நின்று மூச்சுவாங்கினார். டப்பாவைக் குலுக்கினார். அடித்தார். ஒரே சீரான அடி, இடமிருந்து வலம். பலகையைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை.

பத்து நிமிடத்தில் படைமேல் பூசணம் பிடித்ததுபோல வெள்ளை ஏறியது. முதலில் மடிப்புகளில். பிறகு முதுகு, தோள், குதிரையின் பிட்டம். ஆறு வாரத்துக் கறுப்பு மாவில் புரட்டியதுபோல ஆயிற்று. மண்டையோடுகள் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு ரோவெனா டெர்பியிலிருந்து வந்தாள். எஞ்சின் ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தாள். வீட்டுக்குள் அலமாரிகள் எல்லாம் திறந்து கிடந்தன. அப்பா மண்டியிட்டு, கழுவுதொட்டிக்குக் கீழே கையைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தேடுற?"

"உங்கம்மா டெட்டால எங்க வெச்சிருக்கா?"

"எதுக்கு? அடிபட்டுச்சா?"

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவள் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பையில் கருவி இருந்தது. அவள் பையில் எப்போதும் இருக்கும். வெப்பம் ஆறு டிகிரி. ஈரப்பதம் எண்பத்தொன்பது.

"எண்பத்தொம்பதுப்பா."

"எனக்கு நம்பர் வேணாம்."

"உன் அட்டைல நீயே எழுதி ஒட்டிருக்க."

"எழுதினவனுக்குத்தான் தெரியும், எத்தனை முட்டாள்தனம் பண்ணிட்டு எழுதினான்னு." அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டார். "உரிச்சிடறேன். இன்னிக்கு ஊற வெச்சா நாளைக்குக் காலைல வெறும் உலோகம். நாளைக்கு மதியத்துக்குள்ள அடிப்பூச்சு. ராத்திரி முழுக்க உக்காந்தா…"

"இருபத்துநாலா?"

"பன்னெண்டாவது முடியும்."

"பன்னெண்டு முழுப்படையாப்பா?"

அவர் கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடந்தார். தேநீருக்குத் தண்ணீர் வைத்தார், அணைத்தார், மறுபடி வைத்தார். ரோவெனாவுக்கும் அந்தச் சாயல் உண்டு. அவளும் உட்காராமல் சுவரில் சாய்ந்து, அந்த ஒரு சிப்பாயைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"கறுப்பு எங்கயும் போகலப்பா" என்றாள். "மேல இருக்கிற வார்னிஷ் சொரசொரன்னு காஞ்சிருக்கு. உள்ள ஈரம் மாட்டி ஓட்டை ஓட்டையா இருக்கு. வெளிச்சம் அதுல பட்டுச் சிதறுது, அதான் வெள்ளை. தண்ணி விழுந்த கல்லு கறுப்பாத் தெரியுதுல்ல? அந்த ஓட்டைய எதையாவது விட்டு ரொப்பிட்டா சரியாப் போயிரும்."

"எதைவிட்டு?"

"பளபளப்பு வார்னிஷ். பாட்டில்ல இருக்கிறது. பிரஷ்ல அடிக்கலாம், வீட்டுக்குள்ள."

"பளபளப்பா!" அவர் முகம் வார்னிஷ் குடித்ததுபோல ஆயிற்று. "பொம்மைக்கடை ஜன்னல்ல நிக்கிற மாதிரி நிக்குமே. சர்க்கரைப்பாகுல முக்கின ஆப்பிள் மாதிரி. டெஸ் என்ன சொல்வான் தெரியுமா?"

"ஒண்ணு மட்டும் அடிச்சுப் பாப்போம். ஆகலன்னா ஜாடி எங்கன்னு நானே சொல்றேன்."

"உனக்குத் தெரியுமா?"

"அம்மா என் கார் டிக்கில வெச்சுட்டாங்க. ஒரு மாசமா என் கார் ஆஸ்பத்திரி மாதிரி நாறுது."

அவர் அவளை முறைத்தார். பிறகு ஒரு பிரஷ்ஷை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீயே அடி. என் கையால மாட்டேன்."

அவள் மேசை விளக்கடியில் உட்கார்ந்து, குதிரையின் பின்னங்காலிலிருந்து தொடங்கினாள். பிரஷ் பட்ட இடத்தில் வெள்ளை மறைந்தது. கழுத்து வந்தது. சேணம் வந்தது. வீரனின் முதுகில் கறுப்பு வந்தது. அந்தக் கறுப்பில் மயிர்க்கோடுகள், ஒவ்வொன்றாக. கடைசியில் தொப்பி. மண்டையோடு, இரண்டு கண்குழி.

நோரிஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு அவள் காதில் கேட்டது. அது கேட்கவேண்டிய அளவைவிட அதிகமாகக் கேட்டது.

"மினுங்குது" என்றார்.

"மினுங்குது."

"கேவலமா இருக்கு."

"கறுப்பா இருக்குல்ல?"

"தள்ளு. நீ விளிம்புல சொட்டு விடுற." அவளை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். மீதி இருபத்துமூன்றையும் மாலைக்குள் முடித்தார். மார்லீன் கடையிலிருந்து வந்து, திறந்துகிடந்த அலமாரிகளைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றாக மூடினாள்.

அதன்மேல் மறுபடியும் மங்கல் வார்னிஷ் அடித்துவிடலாம், பளபளப்பு போய்விடும் என்று வெள்ளி காலை எழுந்ததும் சொன்னார். ரோவெனா கருவியைக் காட்டினாள். தொண்ணூற்றொன்று. "சும்மா காட்டாதே" என்றார். ஸ்ப்ரே டப்பாவும் அப்போது அவள் காரில்தான் இருந்தது.

அடிப்பலகை வேலை மீதியிருந்தது. ஐந்து சென்டிமீட்டர் சதுரப் பலகைகள் பன்னிரண்டு. ஒன்றில் இரண்டு குதிரை. வெள்ளைப் பசை தடவி, அதன்மேல் கிளிக்கூண்டுக்குப் போடுகிற மணலைத் தூவி, காயவிட்டு, கரும்பழுப்பு பூசி, அது காய்ந்தபின் பிரஷ்ஷில் ஈரமே இல்லாமல் மணலின் முகட்டில் மட்டும் வெளிர்மஞ்சள் தேய்த்து, கடைசியில் புல். நோரிஸால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ரோவெனா செய்தாள். அவர் சோபாவில் சாய்ந்து முழங்காலைத் துள்ளவிட்டபடி கட்டளையிட்டார்.

"மணலைத் தூவுனா தட்டிவிடணும்."

"தட்டிட்டேன்."

"இன்னொரு தட்டு."

நான்கு மணிக்கு முதல் நான்கு பலகைகளை ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்து காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரோ. இது என்ன?"

"புல்லு."

"எத்தனை கொத்து?"

"பலகைக்கு ஆறு."

"எவ்வளவு தள்ளித் தள்ளி ஒட்டினே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பதிமூணு மில்லிமீட்டர்."

"புல்லும் அணிவகுப்பு நடத்துது, மார்லீன்! வந்து பாரு. குதிரைய விட ஒழுங்கா நிக்குது." அவர் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுவாங்கலாகி, மார்லீன் தண்ணீரோடு வந்தாள். மூச்சு திரும்பியதும், "புல்லு தப்பா முளைக்கும்டி" என்றார். "ஒரு பக்கம் கும்பலா. இன்னொரு பக்கம் மொட்டையா. யாரும் அதைக் கூப்ட்டு அளந்து நட்றதில்ல. கண்ண மூடிக்கிட்டு ஒட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டவில்லை. ஆனால் அளவுகோலைப் பைக்குள் வைத்துவிட்டாள். மீதி எட்டுப் பலகைகளில் புல் தாறுமாறாக இருந்தது. முதல் நான்கைப் பிய்த்து மறுபடி ஒட்டவா என்று கேட்டாள். பிய்க்கச் சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். மார்லீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும்" என்றார், கஷ்டப்பட்டு.

அன்று மாலை, அவர் குளியலறையில் இருந்தபோது, ரோவெனா டெஸ்மண்டுக்குப் போன் செய்தாள். நான்கு கனத்த மரப்பெட்டிகள், உலோகத்தோடு ஒவ்வொன்றும் நான்கு கிலோ. நோரிஸ் அவற்றைத் தூக்கக் கூடாது. தூக்காமலும் இருக்க மாட்டார். யாராவது முந்திக்கொண்டு தூக்க வேண்டும். ஏன் என்று டெஸ்மண்ட் கேட்டார். அவள் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கூடத்தில் ஏற்கெனவே பட்டாணியும் புதினாச் சட்னியும் மணத்தன. தேநீர் ஊற்றுகிற பெண்மணி வாசலுக்கு வந்து நோரிஸிடம், "வா கண்ணு, இன்னிக்கு மேசை உன் வீட்டுத் தெரு நீளம்" என்றாள். நோரிஸ் கார் கதவைத் திறப்பதற்குள் டெஸ்மண்ட் வந்து மூன்று பெட்டிகளை எடுத்துக்கொண்டார்.

"என்னடா திடீர்னு மரியாதை?"

"தபால்காரன்டா நான். மூட்டையப் பாத்தா கை தானா நீளும்."

பத்து மணிக்குப் படை இறங்கியது. ஓடைக்கு இந்தப் பக்கம், தாழ்வான மேட்டில், காலாட்கள் நான்கு வரிசை. நடுவில் பீரங்கி. இடது ஓரத்தில், எப்போதும் வெறுமையாக இருக்கும் இடத்தில், பன்னிரண்டு பலகைகள். கூடத்து விளக்கெல்லாம் அவற்றின்மேல்தான் விழுவதுபோல மின்னின. ஆட்கள் வந்து பார்த்தார்கள். யாரோ மெல்ல விசிலடித்தான். நோரிஸ் மேசையைச் சுற்றி வந்து, பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து தன் படையைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து பார்த்தார். குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை.

"எங்கடா மேயப் போச்சுன்னு கேக்க முடியல இந்த வருஷம்" என்றார் டெஸ்மண்ட். "பழகிப்போச்சு. வாய் அரிக்குது."

"மூடிட்டு ஆடு."

முதல் சுற்று, இரண்டாம் சுற்று. நோரிஸ் குதிரைப்படையை ஓடையோரமாக முன்னே அனுப்பினார். கொஞ்சம் அதிகமாகவே முன்னே. பிரெஞ்சுப் பீரங்கிகளுக்கு அவை தம் பக்கவாட்டைக் காட்டி நின்றன. டெஸ்மண்ட் அளவுநாடாவை எடுத்தார், வைத்தார், நாடாவை வேறு பக்கம் நீட்டினார்.

"டெஸ். உன் பீரங்கி யாரைச் சுடுது?"

"அந்தப் பண்ணைவீட்ட."

"பண்ணைவீட்ல யாருமே இல்லையேடா."

"ஒளிஞ்சிருக்கலாம்ல."

"ஒரு முழ தூரத்துல என் குதிரை விலாவக் காட்டிட்டு நிக்குது. நீ மாட்டுக்கொட்டாயச் சுடுற."

டெஸ்மண்ட் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை. நோரிஸ் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பகடைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"பெட்டிய யாராவது தூக்கணும்லப்பா."

கூடம் அடங்கியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நோரிஸுக்கும் தெரிந்தது. அவர் முகம் சிவந்தது. இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றினார்.

"என் குதிரையக் காப்பாத்தி என்னடா பண்ணப் போற? திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்னைப் பாக்க அனுப்புவியா? திராட்சைப்பழம் கட்டி?"

"நோரிஸ், நான்…"

"நாப்பது வருஷமா இதுங்கள உன் முன்னாடி கொண்டாந்து நிறுத்தப் பாக்குறேன். இப்பத்தான் நிக்குது. நிக்கிறத நிக்கிறதா நினைச்சு ஆடு. இல்லன்னா நான் இப்பவே பெட்டில போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

டெஸ்மண்ட் அளவுநாடாவைத் திருப்பினார்.

"பீரங்கி நாலு. எட்டுப் பகடை. அஞ்சோ ஆறோ விழுந்தா அடி."

"தெரியும். போடு."

பின்னாலிருந்து யாரோ, "புதுப் பெயின்ட்டு!" என்று கத்தினான். கூடம் முழுக்கச் சிரித்தது. புதிதாகத் தீட்டிய பட்டாளம் தன் முதல் போரில் முதல் ஆளாக ஓடும். இதை மறுக்கிற ஆள் எந்தச் சங்கத்திலும் இல்லை, எல்லோருக்கும் நடந்திருக்கிறது.

டெஸ்மண்ட் போட்டார். எட்டில் ஆறு அடி விழுந்தது. அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. தபாலைத் தப்பான வீட்டில் போட்ட முகம். அடுத்தது நிற்குமா ஓடுமா என்ற பகடை, அது நோரிஸுடையது. இரண்டு பகடை, கூட்டினால் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் போதும். தோற்க ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு என்று ரோவெனாவின் மனம் கேட்காமலே கணக்குப் போட்டது. நோரிஸ் பகடைகளை உள்ளங்கையில் வைத்து ஊதினார். போட்டார்.

ஒன்று. இரண்டு.

"ஓடுது!" என்று நோரிஸே முதலில் கத்தினார். "ஓடுது பாருடா! பதினோரு வருஷம் மேஞ்சுட்டு வந்ததுங்க, ஒரே சத்தத்துல!"

"மின்னிச்சுடா" என்றார் டெஸ்மண்ட். "கண்ணாடி மாதிரி மின்னிச்சு. குறி வைக்க வசதியா இருந்துச்சு."

"என் பொண்ணு யோசனை. அவளக் கேளு."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் பகடையை நிறுத்திவிட்டு வந்தார்கள். ஓடிய பட்டாளம் மேசையில் நிற்கக் கூடாது. நோரிஸ் பன்னிரண்டு பலகைகளையும் அடியில் விரல்கொடுத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெட்டியின் மூடியில் வைத்தார். ரோவெனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. நோரிஸ் ஓல்டர்ஷாவின் படை முழுசாக மேசையில் நின்றது ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.

மாலை நான்கரைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வென்றார்கள். நாற்காலி போட்டார்கள்; அவர் உட்காரவில்லை. மேசையைச் சுற்றியபடியே இருந்தார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் நான்கு நாள்தான் உயிரோடு இருந்தார். அந்த நான்கு நாளும் பேச்சு இல்லை. ஆகவே ரோவெனாவுக்குக் கிடைத்த கடைசிப் பேச்சு திங்கட்கிழமை அதிகாலையில் காரில் நடந்தது. அவள் ஓட்டினாள். மார்லீன் பின்னால், மடியில் அவருடைய பையோடு. முன்னிருக்கையில் அவர் முழங்கால் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஓடையோரமா அனுப்பினதுதான் தப்பு" என்றார், ஊரெல்லை தாண்டுவதற்குள்.

"ம்."

"மேட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கணும். மறைவா. அவன் காலாட்படைய முன்னாடி விடுவான். விட்டே ஆகணும், இல்லன்னா அவன் பீரங்கிக்கு முன்னால இடம் இல்ல. விட்டதும் நான் வலது பக்கமா… இல்ல, இரு. வலது பக்கம் வேலி இருக்குல்ல?"

"வேலி தாண்டலாம்ப்பா. அரை வேகத்துல."

"அரை வேகமா, இல்ல ஒரு சுற்று நிக்கணுமா?"

"அரை வேகம். விதிப்புத்தகம் முப்பத்தோராம் பக்கம்."

"அப்ப தாண்டிடலாம்." அவர் காரின் முன்பலகையில் விரலால் வேலியைப் போட்டார், மேட்டைப் போட்டார். "தாண்டினதும் அவன் திரும்புவான். அவன் எப்பவும் இடது பக்கமாத்தான் திரும்புவான், அறுபது வருஷமா பாக்குறேன், பள்ளிக்கூடத்துல கால்பந்து ஆடறப்பவும் அப்படித்தான். அவன் திரும்பற நேரத்துல நம்ம பீரங்கிய…"

"நோரிஸ், பெல்ட்ட ஒழுங்காப் போடு" என்றாள் மார்லீன்.

"போட்டிருக்கேன். நம்ம பீரங்கிய, ரோ, நடுவுல வெச்சது சரிதான், ஆனா நாலையும் ஒரே இடத்துல வெச்சிருக்கக் கூடாது. ரெண்ட எடுத்து…"

ரெண்டை எடுத்து எங்கே வைப்பது என்று அவர் யோசித்தார். விரல் முன்பலகைமேல் போய்ப் போய் வந்தது. வண்டி மருத்துவமனை வளாகத்துக்குள் திரும்பியது. நிறுத்த இடம் தேடி ரோவெனா வேண்டுமென்றே ஒரு சுற்று அதிகம் போனாள். அந்தச் சுற்றும் போதவில்லை.